ஹாரன் அடிக்காத டாக்சி

நம் தீவின் தென்கோடியில், இத்தோமானில் டாக்சி ஓட்டுகிற நாகாமினே எய்கிச்சி ஹாரன் அடித்து ஊரில் யாரும் கேட்டதில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் குறுக்கே நின்றால் அவனும் நிற்பான். நடு ரோட்டில் ஆடு படுத்திருந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், குனிந்து அதன் காதில் ஏதோ சொல்வான். அது சாவகாசமாக எழுந்து போனபிறகுதான் திரும்பி வந்து உட்காருவான். பின்னால் வருகிறவர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு சிரித்தார்கள், கடைசியில் அதுவும் விட்டுப்போய் சுற்றுவழியில் போகப் பழகிக்கொண்டார்கள்.

"எய்கிச்சி அண்ணே, வண்டி வாங்கும்போதே ஹாரனைக் கழட்டிக் கம்பெனிக்காரன்கிட்டயே குடுத்துட்டீங்களா?" என்பாள் பக்கத்து மளிகைக்கடை தோமி.

"இல்ல தோமி, இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"ஆட்டுக்கிட்ட அப்படி என்னதான் பேசுவீங்க?"

"கனவு முடிஞ்சதும் எந்திரின்னு சொல்வேன். வேற என்ன."

அவனுக்கு ஐம்பது வயது. கல்யாணம் ஒன்று நடந்தது. அந்தப் பெண் ஒசாகாவுக்கு வேலைக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை ஒன்றுமில்லை. "உங்க வீட்டுல இருக்கறது தண்ணிக்கடியில குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அந்த வீட்டில் பாத்திரம்கூடப் பார்த்துத்தான் விழும். அவன் அம்மா மகாத்தோ, தலையில் கூடை சுமந்து நாஹா பட்டணம் வரைக்கும் நடந்து மீன் விற்றவள். இந்த ஊர் மீன்காரிகளின் குரல் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். மகாத்தோ மட்டும் கூவ மாட்டாள். வாசலில் போய் நிற்பாள். வீட்டுக்காரர்கள் தாமாகப் பார்த்துக் கூப்பிட்டால் உண்டு. ஆனாலும் அவள் கூடை காலியாகத்தான் திரும்பும். பாவம் என்று வாங்கினார்களா, பயந்து வாங்கினார்களா என்பது வாங்கியவர்களுக்கே தெரியாது.

ஊருக்குத் தெற்கே, கரும்புக் காட்டுக்கு நடுவே ஒரு குகை இருக்கிறது. எய்கிச்சி அந்தப் பக்கம் போக மாட்டான். அங்கே போகச் சொல்லும் பயணியை வேறு வண்டி பார்த்து ஏற்றிவிடுவான். காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. யார் யாரைக் கேட்பது?

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைக்காலத்தில் போர் அவர்களைத் துரத்திக்கொண்டு தெற்கே வந்தது. அப்பாவை மண் சுமக்க ராணுவம் கூட்டிப்போனதோடு சரி. மகாத்தோ இரண்டு பிள்ளைகளோடு அந்தக் குகைக்குள் ஒதுங்கினாள். எய்கிச்சிக்கு ஐந்து வயது. ஜிரா கைக்குழந்தை. உள்ளே நம் ராணுவத்தினர் இருந்தார்கள், வெளியே அமெரிக்கர்கள். குழந்தை சிணுங்கியபோது ஒரு சிப்பாய் இருட்டுக்குள்ளிருந்து, "நீ நிறுத்துறியா, நான் நிறுத்தட்டுமா?" என்றான். அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மகாத்தோ ஒரு கையால் ஜிராவின் வாயைப் பொத்தினாள். எய்கிச்சி அழுதுவிடப் போகிறான் என்று இன்னொரு கையால் அவன் வாயையும் பொத்தினாள். மேலே பூட்ஸ் சத்தம் கேட்டு, நின்று, நகர்ந்து போயிற்று. கையை எடுத்தபோது ஒரு பிள்ளைதான் மூச்சு விட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. அவ்வளவுதான் அவர்கள் கதை. இதற்குள் கொண்டுவந்து தலையை நுழைத்தது டோக்கியோ டெலிவிஷன்.

எய்கிச்சிக்கு ஐம்பது வயது நடந்த கோடையில் ஹிராஓகா என்ற இளைஞன் ஒரு குழுவோடு வந்து இறங்கினான். நல்ல பையன், குனிந்து வணங்கித்தான் பேசினான். "போர் நடந்த இடங்களைப் பத்தி ஒரு நிகழ்ச்சி பண்றோம், டிரைவர் அண்ணா. குகை எதையாவது காட்டுங்களேன்" என்றான். எய்கிச்சி இரண்டு நாள் யோசித்தான். இத்தனை வருஷம் கழித்தாவது கேட்கிறார்களே என்று தோன்றியது. சரி என்றுவிட்டான். வண்டி கரும்புக் காட்டுக்குள் திரும்பிய பிறகுதான் பின் சீட்டைக் கவனித்தான். பொன்தா என்று ஒரு நகைச்சுவை நடிகன், மஞ்சள் சட்டையும் கழுத்தில் துண்டுமாக, விதவிதமாக அலறிப் பழகிக்கொண்டிருந்தான். அது கோடை வெக்கையில் உடம்பைச் சில்லிட வைப்பதற்கென்றே போடுகிற பேய் நிகழ்ச்சி. அவர்களுக்குப் போர் என்றால் இருட்டு, இருட்டு என்றால் பேய், பேய் என்றால் ஐஸ்கிரீம் விளம்பரம். இதற்கு ஒரு படிப்பு வேறு படித்துவிட்டு வருகிறார்கள்.

"இது பேய்ப் படமா தம்பி?" என்று கேட்டான் எய்கிச்சி.

"பேய் மட்டுமில்லண்ணா. அஞ்சலியும் இருக்கு, கடைசியில" என்றான் ஹிராஓகா.

திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறிய பயணியைப் பாதி வழியில் இறக்கிவிட்டு அவனுக்குப் பழக்கமில்லை. குகை வாய்க்கு எதிரே வண்டியை நிறுத்தி, கும்பிட்டுவிட்டு, நிழலில் நின்றுகொண்டான். கானல் தரையிலிருந்து எழுந்து ஆடியது. சிள்வண்டுகளின் சத்தத்தில் கரும்புக் காடு முழுக்க மெதுவாக நகர்ந்து வருவதுபோல் இருந்தது. இந்த இடம் இவ்வளவு சின்னதா என்று நினைத்தான். மனதுக்குள் அது மலையாக வளர்ந்திருந்தது.

உள்ளே பொன்தா அலறினான். முதலில் பழகிய அலறல்தான். பிறகு வேறு மாதிரி ஒன்று கேட்டது. வெளியே ஓடி வந்தவன் வாசலில் தடுக்கி விழுந்து, முகம் வெளுத்து, பல் கிட்டிப்போய் உட்கார்ந்துவிட்டான். கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பிடரியில் விழுந்ததாம். குழுவினர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எய்கிச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. பொன்தாவுக்கு உயிர் நழுவிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. நம் தீவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் மிரண்டால் அவருடைய மபுய் அந்த இடத்திலேயே விழுந்துவிடும், யாராவது போய் அள்ளி எடுத்து வந்து கொடுக்க வேண்டும். விழுந்தவன் டோக்கியோக்காரன் என்பதற்காக அப்படியே விட்டுவிட்டா வரமுடியும்? எய்கிச்சி பொன்தாவின் கழுத்துத் துண்டை வாங்கிக்கொண்டு, நாற்பத்தைந்து வருஷமாகப் போகாத அந்த வாசலுக்குப் போய்க் குந்தினான். பையன் விழுந்த இடத்தில் கூழாங்கல் பொறுக்கித் துண்டில் வைத்து, கையால் காற்றை மெல்ல அள்ளி அள்ளி அதில் போட்டான்.

"மபுயா, மபுயா, வா வா. பயப்படாத. பின்னாலயே வந்துடு. வீட்டுக்குப் போலாம்."

துண்டை முடிந்து பொன்தாவின் மார்பில் வைத்து அழுத்தினான். கொஞ்ச நேரத்தில் பையனுக்கு நிறம் திரும்பியது. "ரொம்ப நன்றிண்ணே" என்று அவன் சொன்னது நடிப்பில்லை. காமிரா ஓடிக்கொண்டிருந்ததை எய்கிச்சி அப்போதுதான் பார்த்தான். இதையும் போட்டுக்கொள்ளலாமா என்று ஹிராஓகா கேட்டான். எய்கிச்சி தலையை எப்படியோ ஆட்டினான்.

நிகழ்ச்சி வந்த அன்று அம்மாவும் பிள்ளையும் பாகற்காய் வதக்கலோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொன்தா ஓடி வந்தான், விழுந்தான். டிவி அரங்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். பிறகு திரையில் எய்கிச்சி குந்தியிருந்தான், காற்றை அள்ளி அள்ளித் துண்டில் போட்டான். வா வா, வீட்டுக்குப் போலாம். திரை மெதுவாக இருண்டது. அந்த இருட்டுக்குள் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது.

மகாத்தோவின் கையிலிருந்து கிண்ணம் விழுந்து உருண்டது. அவள் எழுந்து போய் டிவியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"அழுதான்டா" என்றாள். "எய், நீ கூப்பிட்ட. அவன் அழுதுட்டான்."

அன்று குகையில் சிள்வண்டைத் தவிர ஒரு சத்தமும் இல்லை என்பது எய்கிச்சிக்குத் தெரியும். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ பிறந்த எந்தக் குழந்தையின் அழுகையையோ டேப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சொல்லிவிடலாம் என்று அம்மாவைப் பார்த்தான். அவள் முகம் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து வீடு மாறிவிட்டது. மகாத்தோ சமையலறையில் பாத்திரங்களை இஷ்டத்துக்குப் போட்டு உருட்டினாள். மத்தியானங்களில் டாக்சியின் பின் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். எங்கே போகணும் என்று கேட்டால், "சும்மா போ, கடலோரமா" என்பாள். கண்ணாடி வழியே வெயில் அவள் மடியில் வந்து விழும். பக்கத்துக் காலி இடத்தைத் தட்டிக்கொடுத்தபடி, வார்த்தை இல்லாத ஏதோ ஒரு பாட்டை முனகுவாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எய்கிச்சிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மெதுவாப் போடா. தூங்குது."

அவனும் மெதுவாகப் போனான். வளைவுகளில் தண்ணீர்க் குடம் ஏற்றியவன்போல் திருப்பினான். போகப்போக, அம்மா இல்லாத நேரத்திலும் பின் கண்ணாடியைப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஏறுகிற பயணிகள் ஏனோ குரலைத் தாழ்த்திக்கொள்வதாகத் தோன்றியது. வியாபாரி ஒருவர் ஏறியதும், "வண்டியில பால் வாசனை அடிக்குதே" என்றார். எய்கிச்சி ஜன்னலை இறக்கிவிட்டான். உடனே, பின் சீட்டுக் குழந்தைக்குக் காற்று ஆகாதே என்று பாதி ஏற்றினான். தான் செய்ததை நினைத்து அவனுக்கே பயம் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தின்மேல்தான் அவனுக்குக் கோபம்.

இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கும் மூன்று நாட்கள் நெருங்கின. முதல் நாள் மத்தியானம் அந்த நிகழ்ச்சியை மறுபடி போடப்போவதாக டிவியில் சொன்னார்கள். மகாத்தோ அன்றிலிருந்து நாளை எண்ண ஆரம்பித்தாள். எய்கிச்சி தோமியின் கடைக்குப் போய், அம்மா காதில் விழாதபடி, தெருப்பக்கம் இருந்த டெலிபோனில் டோக்கியோவைக் கூப்பிட்டான்.

"அந்தக் குழந்தை அழுகை நீங்க ஒட்டினதுதானே தம்பி?"

"அது... எஃபெக்ட்தான், டிரைவர் அண்ணா" என்றான் ஹிராஓகா. "இந்த மாதிரி நிகழ்ச்சியில எல்லாரும் போடறதுதான்."

"அந்தக் குகையில குழந்தை அழல. அழக் கூடாதுன்னுதான்..." எய்கிச்சியின் குரல் உயர்ந்தது. கடையில் சோயா சாஸ் வாங்க வந்தவர்கள் திரும்பினார்கள். "அழ விடல. அதான் அங்க நடந்தது. என் தம்பி. ஆறு மாசக் குழந்தை. உங்களுக்கு வேடிக்கை காட்ட வேற எடமே இல்லையா? பேயாம் பேய்! உங்க வீட்டு முன்னோர் மாடத்துல இருக்கறவங்களை இப்படிக் கொண்டாந்து நிறுத்துவீங்களா?"

ஹிராஓகா, தனக்குத் தெரியாது என்றான். தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டும் என்றான். மன்னிப்புக் கேட்டான். "மறுபடி போடும்போது அதை எடுத்துடறோம்ணா. மரியாதையாப் பண்றோம். சத்தியம்."

எய்கிச்சி டெலிபோனை வைத்தான். தோமி ஒரு எண்ணெய்ப் பலகாரத்தைத் தாளில் சுற்றி அவன் முன் வைத்தாள்.

"கேட்டது நியாயம்தான். நல்லாக் கேட்டீங்க" என்றாள். "ஆனா அம்மா?"

"அம்மாவுக்கு என்ன?"

"நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து எத்தனை வருஷம். நடுவுல ஒரு சுவர்தான். அவங்க பாடி இப்பத்தான் கேக்கறேன்."

"அதுக்காக? எவன் வீட்டுக் குழந்தை அழுகையையோ ஜிரா தலையில கட்டறதா? அவனுக்கு மிஞ்சினது அந்த மௌனம் ஒண்ணுதான் தோமி. அதையும் பிடுங்கிட்டு அங்க ஐஸ்கிரீம் விக்கறான்."

தோமிக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது.

முதல் நாள் வந்தது. மகாத்தோ விடியலிலேயே எழுந்து முன்னோர் மாடத்தைத் துடைத்தாள். பழம், இனிப்பு, ஊதுவத்தி. வரப்போகிற முன்னோர்கள் ஊன்றி நடக்கக் கரும்புக் கழிகள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கரும்பும் வெட்டி வைத்தாள். ஜிராவுக்கு மாடத்தில் பெயர்ப் பலகை கிடையாது. இதுவரை எந்த வருஷமும் அவனுக்கென்று எதுவும் வைத்ததுமில்லை.

"கைக்குழந்தைக்கு எதுக்கும்மா ஊன்றுகோல்? அவன் நடக்கவே இல்லியே."

"இனிமே நடக்க மாட்டான்னு நீ கண்டியா? போ, டிவியைப் போடு."

போட்டான். ஒவ்வொரு இடமாக வந்தது. பாழடைந்த விடுதி, ஆள் போகாத சுரங்கப் பாதை. எல்லாவற்றிலும் பொன்தா அலறினான். பிறகு கரும்புக் காடு வந்தது. மகாத்தோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். அலறல் இல்லை. மெதுவான பியானோ. பொன்தா கைகூப்பி நின்றான். 'இங்கே பலர் உயிரிழந்தனர். அவர்களுக்கு எங்கள் அஞ்சலி' என்று வெள்ளை எழுத்து வந்தது. எய்கிச்சி குந்தவில்லை, அள்ளவில்லை. வா வா என்று யாரும் யாரையும் கூப்பிடவில்லை. திரை வேறொரு ஊருக்குப் போய்விட்டது.

ஹிராஓகா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மகாத்தோ விளம்பரம் முடியக் காத்திருந்தாள். அடுத்த விளம்பரமும் முடியக் காத்திருந்தாள். நிகழ்ச்சி முடிந்து, வானிலை சொல்ல ஒரு பெண் வந்து நின்றாள்.

"அங்கயும் வாயைப் பொத்திட்டாங்களாடா?" என்றாள் மகாத்தோ.

ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்திருந்தது.

"யாரு பொத்தினாங்க?" என்றாள் மறுபடி.

"நான்தாம்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். டேப், எஃபெக்ட், டெலிபோன், தான் போட்ட சத்தம். அது ஜிரா இல்லை என்பதையும் சொன்னான்.

"ஜிரா இல்லன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ராத்திரி ஏமாந்தேன், உண்டு. காலையில தெரிஞ்சுபோச்சு. ஜிரா குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கும். பெத்தவளுக்கு மறக்குமா?"

"அப்ப வண்டியில யாரைத் தட்டித் தூங்கவெச்சீங்க?"

"எவ பெத்ததோ. ஏறினதை நடு ரோட்டுல இறக்கிவிட முடியுமா? நீ விடுவியா?" அவள் டிவியைப் பார்த்தாள். "அந்த எடத்துல ஒரு குழந்தை வாய்விட்டு அழுதுது எய். ஒருத்தரும் அதை ஒண்ணும் பண்ணல. அதை இன்னொரு தடவை கேக்கணும்னு இருந்தேன். அவ்ளோதான்."

எய்கிச்சி தலையைக் குனிந்துகொண்டான். அவள் எட்டி அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள்.

"சரி விடு. நல்லதுன்னு நெனச்சுத்தானே பொத்தின. எனக்குத் தெரியாதா?"

அந்த வார்த்தையை அவளுக்கு இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவனும் சொன்னதில்லை. அது அவனுக்கு உறைத்தபோது அவள் எழுந்து மாடத்திலிருந்து குட்டிக் கரும்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியை எடு. இருட்டறதுக்குள்ள வந்துடலாம்."

எல்லா வீட்டு வாசலிலும் ஊதுவத்தி ஏற்றி, வருகிறவர்களை வரவேற்கிற நேரம் அது. புகை தெருவில் மெல்லிசாக மிதந்தது. தோமி வாசலிலிருந்து, "வரவேற்கற நேரத்துல எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள். "ஒருத்தனுக்கு வழி தெரியாது, போய்க் கூட்டிட்டு வரோம்" என்றாள் மகாத்தோ. இந்த முறை முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

குகை வாய்க்கு எதிரே வண்டி நின்றது. கரும்புத் தோகைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அவள் இறங்கிப் போய்க் குட்டிக் கரும்பை வாசலில் சாய்த்து வைத்து, "ஜிரா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். எங்கோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. காத்திருந்தாள். இன்னொரு சொட்டு விழுந்தது.

"எய்" என்றாள் திரும்பாமலே. "ஹாரனை அடி."

"இங்கயாம்மா?"

"இங்கதான். மேல யாரும் இல்ல. யாரும் வரமாட்டாங்க. அடி."

எய்கிச்சி உள்ளங்கையை ஸ்டியரிங்கின் நடுவில் வைத்தான். அது எப்படிக் கத்தும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அழுத்தினான். லேசான கரகரப்போடு ஒரு சத்தம் எழுந்து, குகைக்குள் போய்ச் சுற்றி, பெரிதாகித் திரும்பி வந்தது. கரும்புக் காட்டிலிருந்து கொக்குகள் கலைந்து எழுந்தன. அவன் வாயும் திறந்துகொண்டது. ஹாரன் எது, அவன் எது என்று அவனுக்கே தெரியவில்லை. மகாத்தோ காதைப் பொத்தவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.